கேண்டி கலர் கெட்டிக்காரன்

ஷோரூமில் நிற்கும் பைக்குகளில் சில சிவப்புகள் தகரத்தின் மேல் பூசியவையாகத் தெரியாது; உள்ளேயிருந்து எரிவதுபோல் தெரியும். பெயிண்டர்கள் அதைக் கேண்டி கலர் என்பார்கள். பளபளக்கும் ஒரு அடிப்பரப்பு, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட். அவ்வளவுதான் சமாசாரம். அவ்வளவுதானே என்று நினைத்ததில் தொடங்கியது என் கஷ்டகாலம்.

என் பழைய புல்லட்டில் குரோமுக்குப் பஞ்சமில்லை. ஹெட்லைட் ரிம், கண்ணாடியின் முதுகு, கிராஷ் கார்டு, சைலன்ஸர் எல்லாம் குரோம். கேண்டிக்கு அடியில் மற்றவர்கள் காசு கொடுத்து சில்வர் அடிக்கிறார்கள். எனக்கோ சில்வரைத் தூக்கிச் சாப்பிடும் குரோம் சும்மாவே இருக்கிறது. பாதி வேலையைக் கம்பெனிக்காரன் முடித்துக் கொடுத்துவிட்டான், மீதிக்கு நான் போதாதா என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே வீக்.

முதலில் சிக்கனம் புத்தியைக் கெடுத்தது. மகள் கிளாஸ் பெயிண்டிங்குக்கு வாங்கிய சிவப்பு பாட்டில் அலமாரியில் இருந்தது. கண்ணாடியில் பூசினால் ஒளி புகுகிறதே, குரோமில் புகாதா? புகுந்தது. பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும்படி புகுந்தது. காய்ந்தபின் ஓரத்தில் நகம் பட்டதும் மொத்தச் சிவப்பும் ஒரே ஏடாகக் கையோடு வந்துவிட்டது. “தூக்கிப் போட்றாதப்பா, ஸ்டிக்கரா வச்சுக்கறேன்” என்றாள் மகள்.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். குரோமியம் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அது மங்காமல் இருப்பது அந்தப் படலத்தால். பெயிண்ட் பிடிக்காமல் போவதும் அதே படலத்தாலும் அந்த வழவழப்பாலும்தான். பிடிமானத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மிக நைசான எமரியால் பட்டும் படாமலும் தேய்ப்பது. மற்றது, ஒட்டுவதற்கென்றே விற்கும் நிறமில்லாத பிரைமரை முதலில் அடிப்பது. பிரைமருக்குக் காசு வேண்டும். எமரி வீட்டிலேயே இருந்தது. ஜன்னல் கம்பி தேய்த்து மிச்சமான, முரட்டு 120 நம்பர் எமரி.

வண்டிகளில் அழகுக்குப் பூசும் குரோமின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடியில் இருப்பது நிக்கல். என் கைபலம் அந்தக் கனத்துக்கு ரொம்ப அதிகம். ரிம்மின் விளிம்பில் குரோம் தேய்ந்துபோய், லேசான மஞ்சள் சாயலோடு நிக்கல் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும், மேலே சிவப்பு வரப்போகிறதே என்று, இந்த முறை கேண்டி ஸ்பிரே டின்னாலேயே அடித்தேன். எனாமல் என்றால் கீறலைப் புதைத்திருக்கும். இதுவோ ஒவ்வொரு கீறலுக்கும் தனித்தனியாக விளக்குப் போட்டுக் காட்டியது.

அடுத்து, துடைத்த கதை. எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் என்பது தெரியும். தின்னரில் நனைத்த துணியால் பக்தியோடு துடைத்தேன். துடைத்தபின், சுத்தமாகிவிட்டதா என்று விரலால் தொட்டும் பார்த்தேன். கண்ணாடியின் முதுகில் சிவப்புக்கு அடியில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப் பதிவு ஆபீஸில் வைத்த கைநாட்டைப் போலத் தெளிவாக விழுந்திருந்தது. வண்டி காணாமல் போயிருந்தால் அடையாளம் காட்டச் சிரமமிருந்திருக்காது.

கேண்டி நிறத்தின் சூட்சுமம் ஒளியின் போக்குவரத்தில் இருக்கிறது. வெளிச்சம் நிறத்தைக் கடந்து உள்ளே போய், உலோகத்தில் பட்டு, அதே நிறத்தைக் கடந்து மறுபடி வெளியே வருகிறது. ஒரே படலத்துக்கு இரண்டு முறை வரி கட்டுகிறது. கெம்புத் தோட்டில் கல்லுக்கு அடியில் தகடு வைக்கும் ஆசாரிகளுக்கு இது பழைய பாடம். மோட்டார் உலகத்தில் 1950களில் கேண்டி ஆப்பிள் ரெட்டைக் கொண்டுவந்த பெருமையை அமெரிக்காவின் ஜோ பெயிலனுக்குக் கொடுக்கிறார்கள். தோட்டுக் கல்லின் கனம் பட்டை தீட்டும்போதே தீர்மானமாகிவிடும். பெயிண்ட்டின் கனத்தையோ அடிப்பவன் கைதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கோட் கூடினால் நிறமே மாறிவிடும்.

என் கை எங்கே நின்றது, எங்கே ஓடியது என்பதற்குக் கிராஷ் கார்டு சாட்சி. இடது பக்கம் ரோஸ், வலது பக்கம் அரக்கு, நடுவில் இரண்டும் வரிவரியாக. ரோஸை அரக்காக்க அங்கே மட்டும் கொஞ்சம் அடித்தேன், அது மெரூனாகிவிட்டது. மெரூனுக்குச் சமமாக மற்றதை இழுக்கப் போனேன். கேண்டியில் ஒட்டுப் போட முடியாது என்ற ஞானம் கிடைத்தபோது, டின்னில் காற்று மட்டும்தான் மிச்சம்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மாலையில் லேக்கர் கிளியர் அடித்தது தனிக்கதை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும்; ஈரக் காற்று அதன் மேல் பனியாகப் படியும்; லேக்கர் பால்போல வெளுத்துவிடும். சென்னையில் ஐப்பசி ஈரமாக இருக்கும் என்பது இத்தனை வருஷமாக இங்கேயே இருக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

சைலன்ஸரைப் பற்றி நீட்ட வேண்டாம். சாதாரண கேண்டி அந்தச் சூட்டைத் தாங்காது. கொஞ்ச தூரம் ஓட்டினேன். பழுப்பானது, பிறகு கருகியது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கரிசனமாகச் சொன்னார்: “சார், ஏதோ தீயுது.”

கடைசியில் டிங்கரிங் ஷெட் பெயிண்டரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சுற்றி வந்து பார்த்தார். கைநாட்டின் முன்னால் சற்று நின்றார்.

“யார்ட்ட சார் அடிச்சீங்க?”

“தெரிஞ்ச ஒருத்தர்தான்.”

“அவர்ட்ட இனிமே போகாதீங்க. மறைக்கிற பெயிண்ட் வேற சார், காட்டுற பெயிண்ட் வேற. இதுல அடியில என்ன பண்ணீங்களோ அதான் மேல தெரியும்.”

அவர் சொன்னபடி பிரைமர், ஒரே வேகத்தில் ஒரே தூரத்தில் மெல்லிய கோட்டுகள், ஹார்ட்னர் கலந்து வெயிலில் சாயம் போவதைக் குறைக்கும் கிளியர் என்று ஹெட்லைட் ரிம் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி அடிக்கக் கொடுத்தேன். அது உள்ளேயிருந்து எரிகிறது. மற்றவற்றில் தின்னர் போட்டு நிறத்தைத் துடைத்துவிட்டேன். போன குரோம் போனதுதான். முலாம் மறுபடி ஏற்றினால்தான் வரும்.

உங்களுக்கும் ஆசை வந்தால் வண்டியில் கை வைப்பதற்கு முன், உதவாத குரோம் துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள். துண்டு கிடைக்கவில்லையென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். நிறைய இருக்கிறது, இலவசம்.