நாற்காலி நிலவியல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதில் மனிதர் யாரும் உட்கார்ந்ததில்லை. துவைக்கப் போடுமளவுக்கு அழுக்கும் இல்லாமல், மடித்து பீரோவில் வைக்குமளவுக்குச் சுத்தமும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாகக் கிடக்கும் என் துணிகளுக்கெல்லாம் அதுதான் புகலிடம். மனைவி அதைக் குப்பைமேடு என்பாள். நான் படிவுப் பாறை என்பேன். அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நான் பி.எஸ்ஸி. நிலவியல் படித்தவன். பட்டம் வாங்கியபின் கல் சம்பந்தமாக நான் பார்த்த ஒரே வேலை அரிசியில் பொறுக்கியதுதான். சம்பளம் வருவது ஓர் அலுவலகத்தில் பேரேடு எழுதுவதற்கு.

பரணில் கிடந்த அந்தப் பட்டத்தைத் தூசி தட்டவைத்தவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள். "எங்கப்பாவுக்குக் கல்லைப் பத்தி எல்லாம் தெரியும்" என்று பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வெளியே போனது அதுதான் முதல் தடவை. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தோழிகளையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் கூட்டிவரச் சம்மதித்தேன். வந்தார்கள். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். பாறை அடுக்குகளைத் தெர்மகோலில் செய்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். போஸ்டர் கலர்கூட வாங்கியாயிற்று. அவர்களுக்கு இருந்த ஒரே சந்தேகம், "எந்தக் கலர் மேல வரணும் அங்கிள்?" என்பதுதான்.

எது மேலே, எது கீழே என்பதில்தானே மொத்தச் சங்கதியும் இருக்கிறது! எல்லோரையும் நாற்காலி முன்னால் உட்காரவைத்தேன்.

"கீழே கிடப்பது முந்தி வந்தது, மேலே கிடப்பது பிந்தி வந்தது. இதை 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்பவர் புத்தகமாகவே எழுதினார்" என்று ஆரம்பித்தேன். "இதைச் சொல்ல ஒரு புத்தகமா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. ஆனால் மலை உச்சியில் கிடைத்த கல்சிப்பிகள் பாறைக்குள் தாமாகவே முளைத்தவை என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. ஸ்டெனோ டென்மார்க்காரர், இத்தாலியில் இருந்தபோது 1666-இல் பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தார். பாறைகளிலிருந்து எடுத்து மருந்துக்கும் தாயத்துக்கும் விற்றுக்கொண்டிருந்த 'நாக்குக் கற்கள்' அச்சாகச் சுறாப் பல் போலவே இருந்தன. அப்படியானால் அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும். சேறு தண்ணீரில் தட்டையாகத்தான் படியும். இன்று அடுக்கு சாய்ந்தோ மடிந்தோ நிற்கிறது என்றால், படிந்து முடிந்த பிறகு பூமி அதை என்னவோ செய்திருக்கிறது.

பிள்ளைகள் நாற்காலித் துணிகளில் கைவைத்தார்கள். மேலே நேற்றைய சட்டை. அதற்குக் கீழே பொங்கல் வேட்டி, மஞ்சள் கறையோடு. அதற்கும் கீழே குரங்குக் குல்லா, அது மார்கழி. "அப்ப சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் எங்கே அங்கிள்?" என்று கேட்டாள் ஒரு கெட்டிக்காரப் பெண். தீபாவளிக்கு என் மனைவி நடத்திய சுத்திகரிப்பில் அந்த மாதங்கள் அடித்துக்கொண்டு போயிருந்தன. நிலவியலிலும் இப்படி உண்டு. திருச்சியை அடுத்த ஊட்டத்தூர்ப் பக்கம் கடல் படிவுகள் தம்மைவிட எத்தனையோ கோடி ஆண்டு மூத்த நைஸ் என்ற உருமாறிய பாறையின் மேல் நேராக உட்கார்ந்திருக்கின்றன. இடையில் உள்ள காலத்துக்குச் சாட்சியே கிடையாது. ஒன்று படியவே இல்லை, அல்லது படிந்ததை மழையும் ஆறும் அரித்துவிட்டன. இல்லாத அடுக்கும் ஒரு செய்திதான் என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். துணிகளுக்கு ஊடே நுழைந்து வெளிவந்திருந்த செல்போன் சார்ஜர் ஒயரைக் காட்டி, "இது எப்போது வந்தது?" என்றேன். "எல்லாத்துக்கும் அப்புறம்தான்! துணி இருந்தால்தானே நுழைய முடியும்." ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பாறையைக் கிழித்துக்கொண்டு ஏறியிருந்த கருங்கல் நரம்புகளைப் பார்த்துச் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

அடித்தட்டில், பரண் மூட்டையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு பேன்ட் இருந்தது. அதன் பையிலிருந்து ஒரு பெண் பழைய ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்தாள். நான் துள்ளிக் குதித்தேன். "பார்த்தீர்களா! இந்த அடுக்கு 2016 நவம்பர் 8-க்கு முந்தியது!" பாறைகளிலும் இப்படித்தான், குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வாழ்ந்து மறைந்த உயிரின் எச்சம் கிடைத்தால் அந்த அடுக்கின் வயது தெரிந்துவிடும். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நில அளவை செய்துகொண்டிருந்த வில்லியம் ஸ்மித் இதைக் கண்டுகொண்டுதான் ஊர் ஊராக அடுக்குகளைப் பொருத்தி, 1815-இல் அந்த நாட்டின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். "நோட்டு செல்லாமப் போனப்புறமும் நீங்க மறந்து பையிலயே வச்சிருந்திருக்கலாமே" என்றான் மூக்குக் கண்ணாடிப் பையன் ஒருவன். அதுவும் சரிதான். பழைய பாறையிலிருந்து அரித்துக் கொண்டுவரப்பட்ட சிப்பி புதிய சேற்றில் புதைவதுண்டு, அதனால்தான் ஒரு சிப்பியை நம்பாமல் கூட்டத்தையே பார்ப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "அந்தப் பேன்ட்ல ஐநூறு ரூபா இல்லவே இல்லைன்னு அன்னிக்குச் சத்தியம் பண்ணீங்களே, என்னங்க?"

ஸ்மித் 1819-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார் என்பதையும் அன்று சொன்னேன். வகுப்பு முழுவதிலும் என் மனைவி நினைவில் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

அடுத்து ஹார்லிக்ஸ் பாட்டில். ஜல்லி, காவிரி மணல், தோட்டத்துக் களிமண் எல்லாவற்றையும் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தோம். ஜல்லி உடனே இறங்கியது, மணல் பின்னாலேயே போனது, களி மட்டும் மறுநாள் காலைவரை கலங்கலாகவே நின்றது. ஓடும் ஆறு கல்லையும் மணலையும் வழியிலேயே போட்டுவிட்டு, களியை மட்டும் அசையாத ஆழக்கடல் வரை கொண்டுபோவது ஏன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது. தெர்மகோல் தண்ணீரில் மிதக்கும். அதில் எதுவும் படியாது.

இந்த உற்சாகத்தில் நான் பூஜை அறைக்குள் புகுந்தேன். அம்மாவின் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி நதியில் எடுத்தது. அதில் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. இமயமலை எழும்புமுன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். "பெருமாளை நத்தைங்கறியாடா?" என்றாள் அம்மா. "நத்தை இல்லைம்மா, கணவாய் மீனுக்குப் பங்காளி" என்றேன். சுத்த சைவக் குடும்பத்தில் பேசக்கூடிய பேச்சா அது? அன்று இரவு எனக்கு மோர் சாதம்தான். ஆனால் மறுநாள் காலை அம்மாவே கேட்டாள்: "எத்தனை வருஷத்துப் பெருமாள்டா?" பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் என்றதும், "நான் சொல்லல?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த வகுப்பில் மிகச் சிறந்த மாணவி அவள்தான்.

பிறகு ஒரு வேன் பிடித்து எல்லோரையும் காரைக்கு அழைத்துப் போனேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்துச் செதுக்கிய வறண்ட செம்மண் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. புல் பூண்டு அதிகமில்லை. கீற்றுக் கீற்றாக ஜிப்சம் மின்னும். அந்தக் களி, டைனோசர் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் இறங்கியது. நான் தொப்பியும் கையில் சுத்தியலுமாக இறங்கி, "உன்னிப்பாகப் பார்த்தால்தான் தெரியும்" என்று தொடங்குவதற்குள், துப்பாக்கித் தோட்டா போன்ற, பெலம்னைட் என்ற கடல் உயிரின் எச்சத்தை ஏழாம் வகுப்புப் பொடியன் செருப்புக் காலடியிலேயே கண்டுபிடித்துவிட்டான். என் தொந்தி அனுமதிக்கும் கோணத்தில் குனிந்து பார்ப்பதற்குள் இன்னொருத்தி இன்னொன்றைக் காட்டினாள். இந்தப் பகுதியைத்தான் நிலவியலாளர் ஹென்றி பிளான்போர்டு அளந்து, 1860-களில் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பாறைத் தொகுதிகளாகப் பிரித்தார். உலகமெங்கும் இந்தத் துறைக்காரர்கள் இன்றும் நம்மூர்ப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்வாரில்லை.

உருண்டைக் கல் ஒன்றைப் பார்த்து ஒருவன் "டைனோசர் முட்டை!" என்று கத்தினான். பாவம், பெரியவர்களும் அப்படித்தான் கத்தினார்கள். 2020-இல் அதே மாவட்டத்துக் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது கிடைத்த உருண்டைகளை முட்டை என்று வாட்ஸ்அப் ஊரெல்லாம் பரப்பியது. அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட படிவுக் கட்டிகள் என்று நிலவியலாளர்கள் சொன்னபோது கேட்க ஆளில்லை.

அங்கிருந்து சாத்தனூருக்குப் போனோம். அங்கே கல்லாகிப்போன மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். 1940-இல் இதை உலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். கடல் சேற்றில் வந்து புதைந்த மரம் அது. வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நான் வேப்பமர நிழல் தேடினேன்.

திரும்பும் வழியில் அரியலூர் சிமெண்ட் லாரிகள் எங்களை முந்திப் போயின. அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சுமார் ஏழு கோடி ஆண்டுப் பழைய கடலின் சிப்பி. அதை அரைத்துச் சுட்டுத்தான் சிமெண்ட். அந்தச் சிமெண்டில்தான் என் வீட்டுச் சுவர். அதாவது செத்துப்போன சிப்பிகளுக்கு நான் மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை வேனில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வேன் டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறதாம்.

ஆசிரியர்களே, தெர்மகோலுக்கு ஆகும் காசை வேனுக்குக் கொடுங்கள். திருச்சியிலிருந்து காரைக்கும் சாத்தனூருக்கும் காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பிகளைப் படம் எடுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் கல். குடிதண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கடல் பின்வாங்கி ஆறு கோடி ஆண்டுக்கு மேலாகிறது.