உடம்புக்கு ஒரு சோதனை

நேற்று மாலையிலிருந்து என் வலக்குதிகால் என் சொற்கேளாமல் இருக்கிறது. ஷிக்கொக்குத் தீவிலுள்ள கொதொஹிரா என்னும் சிற்றூரின் சத்திரமொன்றில், அதை வெந்நீர் வாளியில் அமிழ்த்தி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகையால் இக்கட்டுரையில் நிதானம் குறைந்து காணப்பட்டால், வாசகர்கள் அப்பழியை என் சுபாவத்தின்மீது சுமத்தாமல் என் குதிகாலின்மீது சுமத்துவார்களாக.

ஜப்பானுக்கு வந்தவர்கள் கோயிலையும் மலையையும் பார்த்துவிட்டுப் பேசாமல் ஊர் திரும்பிய காலம் போய்விட்டது. இப்போது எதையாவது தம் கையாலேயே செய்து பார்க்காவிட்டால் யாருக்கும் பிரயாணம் பூர்த்தியாவதில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒருபக்கம் சாய்ந்த தேநீர்க் கிண்ணம் ஒன்று இருக்கத்தான் செய்யும், மறுக்க வேண்டாம். இவ்வாறு செய்து பார்ப்பதற்கு இந்நாட்டார் 'தைக்கென்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அநுபவம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் அச்சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளையும் பிரித்துப் பார்த்தால், முதலெழுத்துக்கு உடம்பு என்றும் இரண்டாவதற்குச் சோதனை என்றும் பொருள். சொல்லை ஆக்கியவர் தீர்க்கதரிசி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சென்ற வாரம் குஜோ ஹச்சிமானில், வெதுவெதுப்பான நீரில் உருகிய மெழுகை ஊற்றி இழுத்து, லெட்டூஸ் கீரை ஒன்று செய்தேன். உணவுக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் போலிப் பண்டங்களை 1932-இல் ஒஸாகாவில் ஒரு தொழிலாகவே தொடங்கிய இவாஸாக்கி தகிஸோ பிறந்த ஊர் அது. தின்ன முடியாத கீரைக்கு நான் கொடுத்த பணத்தில், தின்னக்கூடிய கீரையை எத்தனை நாளைக்கு வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கு முந்திய வாரம் மினோவில் காகிதம். ஊறிய மரப்பட்டை நாரோடு, வெண்டைக்கு உறவான தொரொரோ-அவொய் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாற்றைக் கலந்து, சட்டத்தில் அள்ளி ஆட்ட வேண்டும். அந்த வழவழப்பு இருந்தால்தான் நார் அடியில் தங்கிவிடாமல் சீராகப் பரவுமாம். நான் ஆட்டிய தாள் ஒருபக்கம் அப்பளமாகவும் மறுபக்கம் கொசுவலையாகவும் வந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இவ்வழக்கத்தைப் பற்றி முக்கியமாகச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேற்று நடந்ததைக் கூறிவிட்டு அதற்கு வருகிறேன்.

இவ்வூர் மலைக்கு யானைத்தலை மலை என்று பொருள்படும் பெயர். அம்மலையில் எழுந்தருளியிருக்கும் கொம்பிரா தெய்வத்தின் பெயரோ 'கும்பீரம்' என்னும் சமஸ்கிருதச் சொல்லின் திரிபு, அதாவது முதலை. யானையும் முதலையும் ஓரிடத்தில் கூடியிருக்கிற ஊரில் எவனாவது ஒருவனுடைய கால் அகப்பட்டுக்கொள்ளத்தான் செய்யும் என்பது, கஜேந்திர மோட்சம் கேட்டு வளர்ந்த எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கோயிலுக்கு 785 படிகள் ஏறி, அந்த 785 படிகளையும் இறங்கி, இறங்கிய கையோடு (காலோடு என்பதே பொருத்தம்), உதோன் என்னும் கோதுமைமாவு இழைப் பண்டத்தைச் செய்யக் கற்பிக்கும் ஓரிடத்துக்கு என் மகளால் அழைத்துச் செல்லப்பட்டேன்.

சானுகி என்று பழம்பெயர் கொண்ட இப்பிரதேசத்தில் மழை குறைவு. நெல்லுக்கு நீர் போதாமையால் கோதுமை விளைந்தது. உப்புக்குக் கடற்கரையும், சோயா ரசத்துக்கு ஷோதொஷிமாத் தீவும், சாறு காய்ச்ச நெத்திலிக் கருவாட்டுக்கு இபுகித் தீவும் பக்கத்திலேயே அமைந்துவிட்டன. 804-இல் சீன தேசம் சென்ற கூக்காய் என்னும் துறவி அங்கிருந்து உதோன் வித்தையைக் கொண்டுவந்தார் என்று ஐதிகம். மாவைக் காலால் மிதிக்க வேண்டும் என்பதையும் அந்த மகான்தான் கொண்டுவந்தாரா என்று நான் கேட்டதை மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மிதிக்கத்தான் வேண்டும். மாவை உருட்டிப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தரையில் வைத்து, "ஏறி நில்லுங்கள்" என்றார் ஆசிரியை.

அன்னத்தை மிதிப்பதா! சிந்திய பருக்கை ஒன்று காலில் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். பருக்கைக்கு மட்டுமா? புத்தகத்துக்கு, பஞ்சாங்கத்துக்கு, பழைய செய்தித்தாளுக்கு, முறத்துக்கு, மரக்காலுக்கு, பக்கத்தில் படுத்திருந்த தம்பிக்கு என்று, கால் பட்ட எல்லாவற்றுக்கும் ஒற்றி ஒற்றியே என் பால்யம் கழிந்தது. சமையற்கட்டுச் சாமான்களில் ஒன்றை மிதிக்க எனக்குத் தெரிந்து சாஸ்திரம் இடங்கொடுத்த சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று. அந்த அம்மியை மிதித்தவளும் என் மனைவிதான், கால்விரலைப் பிடித்து வைத்தது மாத்திரமே நான்.

தயங்கி நின்ற அவ்வேளையில் என் மனம் சமாதானம் தேடி எங்கெங்கோ ஓடிற்று. களத்தில் கதிரைப் பரப்பி மாடுகளை வளையவிட்டு மிதிக்கவைத்த நெல்லைத்தானே உண்டு வளர்ந்தோம்? மாடு மிதித்தால் போரடிப்பு, மனிதன் மிதித்தால் பாதகமா? குயவர் மிதித்த மண்ணில் ஆன பானையில்தானே பொங்கலே பொங்குகிறது? இவ்வாறு வாதித்து ஜயித்து, உறைமீது ஏறினேன். ஆனால் அறுபது ஆண்டு பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு மிதி மிதித்தவுடன் அது தானாகவே கீழே போய் மாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி ஒற்றினேன். மூன்றாம் முறை ஆசிரியை அருகில் வந்து, இது இந்திய முறையா, இதனால் மாவுக்கு விசேஷ நன்மை உண்டா என்று மகளிடம் விநயமாக விசாரித்தார். அவள் என்ன சொல்லிவைத்தாளோ அறியேன்; அடுத்த பாயில் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதிகளும் மிதித்து மிதித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்குமேல் பாட்டும் வைத்தார்கள். பாட்டின் தாளம் துரிதமாக ஆக, மிதியும் குனிதலும் ஒற்றுதலும் துரிதமாகி, எங்கள் மூவரையும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் புதிதாக ஏதோ மதம் தோன்றிவிட்டதென்று எண்ணியிருப்பார்கள்.

நீர் குறைத்துப் பிசைந்த மாவு கைக்கு அடங்காது என்பதாலும், உடம்பின் பாரம் முழுவதும் இறங்கினால்தான் அதற்கு முறுக்கேறும் என்பதாலுமே மிதிக்கிறார்கள். அம்முறுக்குக்குக் 'கொஷி' என்று பெயர். இடுப்பு என்று அர்த்தம். மாவுக்கு இடுப்பு வந்துசேர்ந்த அதே சமயத்தில் எனக்கிருந்த இடுப்பு போயிற்று.

உப்பை நீரில் கரைக்கும் விகிதம் வேனிலில் ஒன்றுக்கு மூன்று, குளிரில் ஒன்றுக்கு ஆறு, இடைக்காலத்தில் ஒன்றுக்கு ஐந்து என்று இத்தொழிலில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. இதல்லவா வித்தை! ஆனால் அதைக் கரைக்க எங்களை விடவில்லை; கரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அறிவுக்குரியதை அவர்கள் எடுத்துக்கொண்டு, மாட்டுக்குரியதை எங்களுக்கு ஒதுக்கி, அதற்குக் கட்டணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு இப்போதும் ஆறவில்லை. போகும்போது தேர்ச்சி பெற்றதாக நற்சான்றுச் சுருள் ஒன்றும் கொடுத்தார்கள்.

நான் வெட்டிய உதோனில் சில இழைகள் சுண்டுவிரல் பருமன், சில தையல் நூல். மனைவி அவற்றைச் சாற்றில் தோய்த்து ஒன்றும் பேசாமல் உண்டுவிட்டு, "ஊருக்குப் போனதும் சப்பாத்திக்கு நீங்களே மிதித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். அன்னத்தைக் காலால் தீண்டுவது மகா பாவம் என்பது எனக்கு உடனே நினைவு வந்தது. அதை அவளுக்கு விரிவாக எடுத்துரைத்தேன்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்... வாளியில் நீர் ஆறிவிட்டது; மகள் கதவைத் தட்டுகிறாள். நாளைக் காலை தொக்குஷிமாவில் அவுரிச் சாயம் தோய்க்கும் இடத்தில் மூன்று பேருக்கும் சொல்லிவைத்து, முன்பணமும் கட்டியாயிற்றாம். நகக்கண்ணில் ஏறும் நீலம் நாலைந்து நாள் போகாது என்கிறாள்.

அங்கே காலுக்கு வேலை உண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.