அண்டர்டேக்கர் ஒருவரா, இருவரா, எழுவரா?

ஔவையார் எத்தனை பேர் என்று எண்ணியே களைத்துப்போன நம் ஆய்வுலகம், அண்டர்டேக்கர் எத்தனை பேர் என்பதை எண்ணாமல் விட்டுவிட்டது. அக்குறை நீக்கவே, 1990களில் கேரளத்துச் சித்திரபுரத்தில் வழங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த மரபை முன்வைத்து இக்கட்டுரை எழுகிறது.

மூலங்கள் இரண்டு. ஒன்று, ஸ்டார் டி.வி. வந்தபின் கேபிளில் கண்ட காட்சி. மற்றது ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று கார்டு தந்த எண்களைச் சித்திரபுரத்து அறிஞர்கள் (வயது எட்டு முதல் பதின்மூன்று) கல்வெட்டாகவே கொண்டனர். காட்சியும் கார்டும் முரண்பட்டால் கார்டே செல்லும் ("கார்டுல போட்டிருக்குடா" என்பது நூற்பா).

காட்சிப் பாடத்தில் சிதைவு அதிகம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940 முதல் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனாலும் ஆடி மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். போவதும் சரியாக, ஒருவர் இன்னொருவரைத் தலைக்குமேல் தூக்கிய நொடியில். செல்லரித்த அவ்விடங்களை மறுநாள் பெரிய வகுப்பு அண்ணன்மார் சொந்தச் சரக்கால் நிரப்பித் தந்தனர். உ.வே.சா.வுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

பெல்ட் பற்றி: இருந்தது.

நடுவர் பற்றி: அவர் எதையும் பார்க்கவில்லை, நாமும் அவரைப் பார்க்க வேண்டியதில்லை.

இனி அண்டர்டேக்கர். 1990 நவம்பரில் அரங்கேறியவர். 1994 ஜனவரியில் ராயல் ரம்பிளில் யோகோசூனாவும் கூட்டாளிகளும் அவரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூட, அவர் அரங்கக் கூரையை நோக்கி எழுந்தருளினார். சித்திரபுரம் மரபு பிளவுபட்டது இங்கேதான். ஏழுயிர்க் கொள்கையர் கூற்று: போனது ஓர் உயிர், மிச்சம் ஆறு (ஒன்பதாம் வகுப்பு அண்ணன், பஸ் ஸ்டாப் பேருரை, மழைக்கு ஒதுங்கிய இயல்). எழுவர்க் கொள்கையர் கூற்று: ஆளே ஏழு பேர் (மேற்படி அண்ணனின் தம்பி, அண்ணன் இல்லாதபோது சொன்னது, அடி வாங்கியபின் வந்த திருத்திய பதிப்பில் காணப்படவில்லை). ஏழு பேருக்கும் தலா ஏழு உயிர், ஆகமொத்தம் 49 என்னும் சமரச நெறியும் உண்டு (கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், வாத்தியார் கிழித்தெறிந்ததைக் குப்பையிலிருந்து மீட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, எண்ணெய்ப் பலகாரம் பொதிந்தமையால் நான்காம் வரி மட்டும் மங்கிய படி).

இவ்வாதங்களுக்கு நடுவே 1994 ஆகஸ்ட் 29 அன்று சிகாகோவில் சம்மர்ஸ்லாம் நடந்தது. ஒரே வளையத்தில் இரண்டு அண்டர்டேக்கர்கள் மோதினர். இரண்டாமவர் வேடமிட்ட பிரையன் லீ, மூலவரே வென்றார். ஒரு பெயரில் இருவர் உண்டு என்று நிறுவ நம் பேராசிரியர்கள் யாப்பு, சொல்லாட்சி, மேற்கோள் என்று நானூறு பக்கம் அலைகிறார்கள். சங்க ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒரே ஒருமுறை வளையத்துக்குள் இறங்கியிருந்தால் எத்தனை முனைவர் பட்டங்கள் மிச்சமாகியிருக்கும்!

1996-இல் வந்த 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அக்ஷய் குமார் தூக்கிய அண்டர்டேக்கரும் இந்த லீதான். ஆகவே அக்ஷய் குமாரிடம் அகப்பட்டது மூலபாடம் அன்று, இடைச்செருகல். இதை அன்று எடுத்துச் சொன்னவர்களை யாரும் நம்பவில்லை. இடைச்செருகலைச் சுட்டுவோர் கதி எக்காலத்திலும் அதுவே.

பிற்சேர்க்கை: இத்தனை தடியர்களை வைத்திருந்த அந்நிறுவனத்தைக் கடைசியில் கோர்ட்டில் சாய்த்தது, பாண்டாக் கரடியைச் சின்னமாகக் கொண்ட காட்டுயிர் அமைப்பு. அதே மூன்றெழுத்து அதற்கும் உரியது. 2002-இல் மல்யுத்தக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டனர். பாண்டாவுக்குக் கார்டு கிடையாது.

கரண்ட் போன நேரங்களில் ஜெயித்தவர் யார் என்று அறிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதித் தெரிவிக்க வேண்டாம். தெரிந்துவிட்டால் அடுத்த கட்டுரைக்குப் பொருள் இருக்காது.