ஏணியில் எந்தப் படி?

எண்பதுகளில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது வறுமைக்கு ஒரு கணக்கு இருந்தது: கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100. திட்டக் குழுவின் பணிக்குழு 1979இல் வகுத்தது. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் பருப்பைத் துழாவியபடியே, நாம் கோட்டுக்கு மேலா கீழா என்று கணக்குப் போடுவோம். வார நாட்களில் கீழே; ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைச் சேர்த்தால் மேலே. இப்போது டாக்டர் பேச்சைக் கேட்டு ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறேன். எத்தனை கலோரி எரித்தேன் என்று அது கணக்கு வைக்கிறது. அதே கலோரிதான், கவலை மட்டும் கட்சி மாறிவிட்டது.

அன்று பொருளாதாரச் சிந்தனை வரலாறு கட்டாயப் பாடம். ஆடம் ஸ்மித் முதல் கெய்ன்ஸ் வரை எல்லோரையும் நோட்ஸில் மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்தோம். இறங்காமல் ஒட்டிக்கொண்டவர் தாதாபாய் நவ்ரோஜி. ஒரு மனிதன் உயிரோடிருக்க என்ன செலவாகும்? சிறைக் கைதிக்கும் கப்பலேறிய கூலிக்கும் அரசே நிர்ணயித்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, 1867-68 விலைவாசியில் கூட்டிப் பார்த்தார். ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வந்தது. சராசரி இந்தியனின் ஆண்டு வருமானமோ அவர் கணக்கில் 20 ரூபாய். கைதிக்குக் கிடைத்தது உழுதவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை வெள்ளைக்காரன் பதிவேட்டை வைத்தே காட்டினார். எவ்வளவு குறும்பு பாருங்கள்!

எதை வேண்டுமானாலும் அளந்து பாருங்கள், மகிழ்ச்சியை மட்டும் தொடாதீர்கள் என்பார் பேராசிரியர். ஒருவர் திருப்தியை இன்னொருவர் திருப்தியோடு ஒப்பிட அறிவியலில் வழியில்லை என்று பொருளாதார அறிஞர் ராபின்ஸ் 1932லேயே எழுதியாயிற்றே.

இப்போது பூட்டானில் மகிழ்ச்சியை அளக்கவே 33 குறியீடுகள். 2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை வேறு வருகிறது. பொருளாதாரம் படிக்கும் அண்ணன் மகள் அதன் கேள்வியை என்னிடமே போட்டுப் பார்த்தாள்.

"ஒரு ஏணி சித்தப்பா. அடியில பூஜ்ஜியம், உச்சியில பத்து. நீங்க எந்தப் படில நிக்கிறீங்க?"

"பிரஷர் மாத்திரைக்கு முன்னாடியா, அப்புறமா?"

"நம்பர் மட்டும் சொல்லுங்க."

எட்டு என்றேன். 2018 முதல் முதலிடத்தில் இருக்கும் பின்லாந்தின் சராசரிகூட எட்டைத் தொட்டதில்லை. அவள் சிரிக்காமல் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள்.

நவ்ரோஜியைப் பற்றிக் கேட்டேன். "சுதந்திரப் போராட்ட வீரர்தானே?" என்றாள். அவள் கல்லூரியில் சிந்தனை வரலாறு இப்போது விருப்பப் பாடம். ஆள் சேரவில்லை என்று இந்த ஆண்டு அதை நடத்தவே இல்லை.