ஏரியல் ஐயா

இறக்குவானையில் ஒருவர் இருப்பார். எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒருவர். தெரணியகலையில் மழை விட்ட நேரமாகப் பார்த்துப் போனால் இன்னொருவரையும் காணலாம். ஆள்தான் வேறு, அச்சு ஒன்று. தேயிலை ஸ்டோரில் எலக்ட்ரீஷியனாகவோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ காலம் தள்ளி, ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமலாப நிதியில் பாதியை மகளின் கல்யாணத்துக்கும் மீதியை ஒரு பழைய ஜப்பான் ரேடியோவுக்கும் கொடுத்தவர். கையில் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி. பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் வானொலிக்காரர். நம் வசதிக்கு அவரை ஏரியல் ஐயா என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டை அடையாளம் காண்பது சுலபம். கூரைக்கு மேல் ஒரு மூங்கில், அதிலிருந்து கித்துள் மரத்துக்கு ஒரு கம்பி. 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் நீளம். அதில் யாரோ ஒரு நாள் துவாயைக் காயப்போட்டதைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வந்தால் ஐயாவும் வீட்டுக்காரம்மாவும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். உள்ளே மேசையில், பின்னல் விரிப்பு முன்பக்கம் பாதிவரை தொங்க, அந்த ரேடியோ. குமிழ்கள் மட்டும் வெளியே தெரியும். விரிப்பு தூசிக்காக என்பார்.

ஐயா சுபாவத்தில் சந்தேகக்காரர் அல்லர். ஜாதகம், அரசாங்கம், ஆயுர்வேத எண்ணெய் மூன்றையும் நம்புவார். ஒசாக்காவிலிருந்து வரும் ஐகொம் பெட்டிகளை அவற்றைவிட அதிகமாக நம்பினார். 1954இல் தொடங்கிய கம்பெனி, ஒழுங்கான ஆட்கள், திருகாணியைக்கூட நேராக முறுக்குகிறவர்கள் என்பது அவர் கட்சி. அந்த நம்பிக்கை 2015 ஓகஸ்டில் உடைந்தது. டோக்கியோ ஹாம் கண்காட்சியில் ஐகொம் ஐசி-7300 என்ற பெட்டியைக் காட்டியது. அடுத்த வருடம் அது கடைக்கு வந்தது. உள்ளே இருப்பது மென்பொருள் வானொலி.

பழைய முறையில், ஏரியலில் வந்த அலையைப் படிப்படியாகக் கீழே இறக்கி, பளிங்கு வடிகட்டிகளுக்குள் விட்டு, வேண்டாததை அரித்துவிட்டுக் காதுக்குத் தருவார்கள். 7300 அந்தப் பாடெல்லாம் படுவதில்லை. வந்த அலையை வாசலிலேயே பிடித்து, செக்கனுக்கு 12 கோடித் தடவைக்கு மேல் அளந்து, எண்ணாக்கிவிடுகிறது. அரிப்பது, சலிப்பது, பேச்சைப் பிரிப்பது எல்லாம் அதற்குப் பிறகு வெறும் கணக்கு. முகப்பில் தொடுதிரை. எந்த அலைவரிசையில் பேச்சு நடக்கிறது என்பது அதில் வண்ணமாக வழிந்துகொண்டே இருக்கும்.

“காதுக்கு வாங்குற சாமானுக்கு எதுக்கு தம்பி கண்ணு?” என்றுதான் ஐயா ஆரம்பிப்பார். பிளேன்டீ வருவதற்குள் குற்றப்பத்திரிகை முழுவதும் வந்துவிடும். “அது ரேடியோவே இல்ல. கம்ப்யூட்டருக்கு மைக் புடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கானுங்க. விக்கிறப்ப அரை வேக்காடு, மிச்சத்த இன்டர்நெட்ல போட்டு வேக வைக்கிறான். அப்டேட்டாம்! கரண்ட் இல்லாத வீட்ல கம்ப்யூட்டர எங்க போட்டு ஓட்டுறது?”

இதில் கடைசிக் குற்றம் நிற்காது. 7300க்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. ஐயாவின் பெட்டியைப் போலவே அதுவும் 13.8 வோல்ட்டில் ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாடு 13 மணி நேரம் இருட்டில் கிடந்தபோது ஐயா லொறி பற்றரியில் பேசிக்கொண்டிருந்தாரே, அதே பற்றரி அதற்கும் போதும். சொல்லிப் பார்த்திருக்கிறேன். “கம்ப்யூட்டர உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான், அது இன்னும் மோசம்” என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல!

சந்தேகம் அவருக்குப் புதிதன்று, பரம்பரைச் சொத்து. எஸ்.எஸ்.பி. என்ற ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பு முறை வந்தபோது அது வாத்துப் பேச்சு என்று அவருடைய குரு சிரித்தாராம். உலகம் முழுக்கப் பழைய ஆட்கள் அப்போது அப்படித்தான் சிரித்தார்கள். வால்வு போய் ட்ரான்சிஸ்டர் வந்தபோது, சூடு இல்லாத பெட்டியில் குரல் எப்படி உயிரோடு வரும் என்று கேட்டார்கள். 2003இல் டெக்சஸில் ஃப்ளெக்ஸ் ரேடியோ என்ற சின்னக் கம்பெனி, குமிழே இல்லாமல் கணினியோடு கோத்து ஓட்டும் எஸ்டிஆர்-1000ஐ விற்றது. ஐயா கோபப்படவில்லை. விளையாட்டுப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று விட்டுவிட்டார். ஐகொம்மே அதைச் செய்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. பெரிய இடத்து மாப்பிள்ளை ஓடிப்போய்க் கல்யாணம் கட்டின மாதிரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியாக மார்க் போட ஆரம்பித்தார். 2018இல் கென்வூட் டிஎஸ்-890ஐப் பழைய வழியிலேயே அலையை இறக்கும் பெட்டியாகக் கொண்டுவந்தபோது, “கென்வூட்டுக்கு மானம் இருக்கு” என்றார். யாயெசு எஃப்டிடிஎக்ஸ்-101இல் பழைய வழியையும் புதிய வழியையும் சேர்த்து வைத்தது. அதற்கு “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்” என்று தீர்ப்பு வந்தது. மூன்று பெட்டியில் ஒன்றையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. தீர்ப்புச் சொல்ல அது ஒரு தடையா?

அவருடைய வலிமையான வாதம் ஒன்று உண்டு, அது உண்மையும்கூட. வாசலிலேயே எல்லா அலைகளையும் உள்ளே விடும் பெட்டிக்கு, பக்கத்தில் யாராவது பலமாகக் கத்தினால் மூச்சு முட்டும். அளக்கும் சில்லின் அளவு நிரம்பிவிட்டால் திரையில் ஓவிஎஃப் என்று எச்சரிக்கை எரியும். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ போட்டி நாட்களில் தெருவுக்கு ஒரு பெரிய ஏரியல் நிற்கும் இடத்தில் இது நிஜமான கவலைதான். ஐயா இதைச் சொல்லும்போது குரல் தாழும், விரல் உயரும். ஆனால் பக்கத்து வீட்டு ஹாம் காதைக் கிழிப்பதற்கு முதலில் பக்கத்து வீட்டில் ஒரு ஹாம் வேண்டுமே! இவருக்கு நாற்புறமும் இறப்பர் மரம். மழை இல்லாத நாளில் பால் வெட்டுகிறவர்கள் கத்தியோடு வருவார்கள், ஒலிபரப்பியோடு எவரும் வருவதில்லை.

இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர் திரையில் தெரியும் எண்ணை லேசில் நம்பமாட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முள் தராசு போய் டிஜிட்டல் தராசு வந்தது. எண் பளிச்சென்று தெரிந்தது. சாக்குக்கு, தண்ணிக்கு என்று கழிக்கிற கிலோ மட்டும் கழிந்துகொண்டேதான் இருந்தது. அம்மா கொழுந்துக் கூடையோடு அந்த வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்த மகனிடம், எல்லாவற்றையும் எண்ணாக்கிவிட்டோம், நம்புங்கள் என்று ஒசாக்கா சொன்னால் அவர் எப்படி நம்புவார்? இந்த இடத்தில் நான் ஐயா கட்சி.

இந்தியாக்காரர்களை மட்டும் அவர் தன் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் வைத்திருந்தார். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் பெட்டியின் மின்சுற்று வரைபடம் அவர் சுவரில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷர் போதும் என்று சொன்ன மனிதரை எந்தத் தோட்டத்து எலக்ட்ரீஷியன் கும்பிடமாட்டான்? பிறகு அதே ஃபர்ஹான், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை உள்ளே வைத்து எஸ்பிட்எக்ஸ் என்ற மென்பொருள் வானொலியைக் கொண்டுவந்தார். செய்தி வந்த அன்று ஐயா வானில் பேசவில்லை என்று கேள்வி. வரைபடத்தைக் கழற்றவும் இல்லை.

இனி, விரிப்புக்கு வருவோம். அதன் கீழே இருப்பது ஐகொம் ஐசி-756 புரோ. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. விரிப்பைத் தூக்கினால் வண்ணத்திரை இருக்கிறது. அந்தத் திரையில் பக்கத்து அலைவரிசைகள் மேடும் பள்ளமுமாக ஓடும். பெட்டிக்குள் 32 பிட் கணிப்பான் ஒன்று இருக்கிறது. அலையைக் கீழே இறக்கும் வரைதான் பழைய சம்பிரதாயம். பேச்சைப் பிரித்தெடுக்கும் கடைசி வடிகட்டிகள் எல்லாம் அந்தக் கணிப்பான் போடும் கணக்கு. தனியாக வாங்கிப் பொருத்தும் பளிங்கு வடிகட்டிகளுக்கு அதில் இடமே வைக்கவில்லை. “பளிங்கு மாதிரி சுத்தமான சத்தம், இதெல்லாம் கணக்குப் போட்டு வர்ற விஷயமா?” என்று ஐயா இத்தனை வருடமாக வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய சத்தம், கணக்குப் போட்டு வந்த சத்தம்தான். ஐகொம் ஒரே இரவில் மென்பொருளுக்குத் தாவவில்லை. ஐயாவின் மேசை வழியாகத்தான் மெல்ல நடந்து போனது.

அவர் சரியாகச் சொல்லும் விஷயத்தை அவரே கடைசியாகத்தான் சொல்லுவார், அதுவும் சத்தமில்லாமல். பழைய யாயெசு எஃப்டி-101 கெட்டால் மூடியைக் கழற்றி, எந்த வால்வு எரியவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். 7300இன் சில்லு போனால் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரத்தினபுரி வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் ஊர். சித்திரை மாதப் பின்னேரங்களில் இடி கித்துள் மரத்தைத் தேடி வரும். அதோடு விலை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. இரண்டு லட்சத்துச் சாமான் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. அந்தக் காசுக்கு வாங்கிய பெட்டியை ஒரு மின்னலுக்குக் கொடுத்துவிட்டு, திருத்த ஆளில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தோட்டத்து வீட்டுக்கு முடியும்? ஐகொம்மைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஐயா இதை விட்டுவிட்டுத் திரையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சுனாமியை இழுக்காமல் அவர் பேச்சு முடியாது. 2004இல் தொலைபேசி செத்தபோது ஹாம்காரர் விக்டர் குணதிலகவின் கூட்டாளிகள் அம்பாந்தோட்டைக்கு ரேடியோவோடு போய்க் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். “அன்னைக்கு எந்த சாஃப்ட்வேர் வந்துச்சு?” என்பார். அன்றைக்குப் போனவர்கள் மனிதர்கள், கூடப் போனது கைக்குக் கிடைத்த ரேடியோ. ஐயாவும் தன் வீட்டில் இருந்தபடி இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் சொல்லமாட்டார், வீட்டுக்காரம்மா சொல்லுவார்.

ஆகவே வாசகரே, சப்ரகமுவப் பக்கம் போய் ஹாம் ஆசை வந்தால் ஏரியல் ஐயாவைத் தேடிப் போங்கள். கம்பி எங்கே கட்டுவது, இடிக்கு எப்போது கழற்றுவது, எர்த் எப்படி அடிப்பது என்றெல்லாம் கேளுங்கள். அவரைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. எந்த ரேடியோ வாங்குவது என்று மட்டும் கேட்காதீர்கள், விரிப்பைத் தூக்காதீர்கள். போகும் முன்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையை எழுதி உரிமத்தை எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் மைக்கைத் தொட்டால் ஐயா பிளேன்டீகூடத் தரமாட்டார்.