போகும்போது ஆறே முக்கால், வரும்போது ஒன்றே முக்கால்

மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களின் சமூகத்துக்குச் சிங்கப்பூரிலிருக்கும் மகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. பயணச்சீட்டில் கண்ட நேரம் குறித்த சந்தேகத்துக்கு விளக்கம் வருமாறு.

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது, பூமியின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமாகும். இக்கோட்டைப் பெருவட்டப் பாதை என்பர். இவ்வகையில் சென்னை மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் இடையே சுமார் 2,930 கிலோமீட்டர், அதாவது கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 1,580 கடல் மைல் உள்ளது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இதனை மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும் என்றாலும், ஓடுதளம்வரை ஊர்ந்து செல்வதையும் ஏறி இறங்குவதையும் சேர்த்துப் பயணச்சீட்டில் நாலேகால் மணி நேரம் கணக்கிடப்பட்டுள்ளது. சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுப்பது முதல் மறுபடி கட்டை கொடுப்பது வரையிலான இந்நேரத்துக்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். மாட்டுவண்டி வைத்திருந்த குடும்பத்துக்கு இது விளங்காத சங்கதியன்று.

விளங்காதது கடிகாரம்தான். இரவு 11.30-க்குச் சென்னையில் கிளம்பும் விமானம் காலை 6.15-க்குச் சிங்கப்பூரைச் சேர்வதையும், இரவு 8 மணிக்கு அங்கிருந்து கிளம்புவது 9.45-க்கே சென்னையில் இறங்குவதையும் சீட்டில் கண்ட தந்தையார், ஊருக்குத் திரும்பும் விமானம் ஆசையில் பறக்கிறதென்று தெரு முழுவதும் சொல்லிவருவதாகத் தாயார் தொலைபேசியில் தெரிவித்தார். சீட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம் என்பதும், சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதுமே இதன் விளக்கம். தீர்க்கரேகைப்படி இவ்விரு ஊர்களுக்கும் சுமார் 24 பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரவேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவுடன் ஒத்துப்போகச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மேலும் அரை மணி முன்னே தள்ளிவைத்ததால், இங்கே சூரியனே ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. மகன் ஏழு மணிவரை தூங்குகிறான் என்ற நெடுநாளைய புகாரை இதன் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்யலாம்.

எனினும் தந்தையாரின் கூற்று முழுத் தவறென்று தள்ளுவதற்கில்லை. ஆடி மாதத்தில் தரையில் மேல்காற்று புழுதி வாரி இறைக்கும் வேளையில், பத்துக் கிலோமீட்டருக்கு மேலே அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கிய இக்காற்று, கீழைத் தாரைக்காற்று எனப்படும். அது முதுகில் தள்ளுவதால், ஊர் திரும்பும் விமானம் சில நிமிடம் முன்னதாகவே வந்துசேரக்கூடும். மகன் சீட்டு எடுத்திருப்பதும் ஆடியில்தான்.

ஆயினும் அதை நம்பித் தந்தையார் அன்றிரவே கிளம்பிவிட வேண்டாம். விமானம் இறங்கிச் சோதனைகள் முடிவதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தைத் தாண்டியிருக்கும். கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடித்தால், நெல்லைக்கு எஞ்சிய அறுநூறு கிலோமீட்டருக்கு, கடல் தாண்டிவந்த நேரத்தைப்போல் இருமடங்குக்கு மேல் ஆகும். மறுநாள் முற்பகலில் தம்பியை வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்துக்கு அனுப்பினால் போதும். பெட்டி இரண்டு, கோடாலித் தைலம் மட்டும் கைப்பையில்.

இங்ஙனம்,
மகன்