பம்பு ஜாமியல்: ஓர் ஆய்வு

நோக்கமும் எல்லையும்

தேரையும் பாகனையும் வாயாரப் பாடிய தமிழ், டீசல் பம்பைப் பாடாமல் விட்டது பெருங்குறை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. களம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகள். ஆய்வுப்பொருள், டாடா 1210 காலத்து ஆறு சிலிண்டர் வண்டிகளில் எஞ்சினை ஒட்டி ஆறு எலிமெண்டோடு உட்கார்ந்திருக்கும் பம்பு. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் விலக்கப்பட்டன. அவை நின்றால் வழிப்போக்கர் கருத்துச் சொல்ல வாய்ப்பில்லை.

வரலாற்றுப் பின்புலம்

ரூடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எண்ணெயை உள்ளே தள்ளியது அழுத்தக் காற்று. அதற்கொரு கம்ப்ரசரும் கூடவே வேண்டும் என்பதால் எஞ்சின் லாரியில் ஏறும் உருவத்தில் இல்லை. 1927-இல் பாஷ் நிறுவனம் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லாரிகள் பெருகின. இந்தியாவில் பாஷின் கூட்டு நிறுவனமான மைக்கோ 1951-இல் தொடங்கப்பட்டது. ஆக, மூலவர் காற்றால் எண்ணெய் ஏற்றினார். வழிவந்தவர்களோ எண்ணெயில் புகுந்த காற்றை இறக்கியே ஆயுளைக் கழிக்கின்றனர்.

முந்தைய கோட்பாடுகள்

வண்டி கிளம்பாதபோது மூன்று கோட்பாடுகள் எழும்.

முதலாவது காற்றுவாதம். "ஏர் புடிச்சிருக்குதுங்க" என்பது இதன் மூலச் சூத்திரம். கிளீனர் ஃபீட் பம்பின் கைப்பம்பைத் தோள் வலிக்க அடிப்பார். தோள் வலி சான்றாகாது என்க.

இரண்டாவது தட்டல்வாதம். ஸ்பேனரால் பம்பின் மேல் நாலு தட்டு. சில சமயம் வண்டி கிளம்பிவிடுவதே இதன் பலமும் பலவீனமும். தட்டி விடுவித்தது மறுபடி சிக்கும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக், முழு டீசல் நிலையில் சிக்கினால் எஞ்சின் தறிகெட்டு ஓடும். ஸ்டாப் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. அப்போது ஓடி ஒளியாமல் காற்று போகும் வழியை அடைப்பவரே அறிஞர்.

மூன்றாவது, ஓனர்கள் போனில் முன்வைக்கும் இன்மைவாதம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகியிருக்காது, செல்ஃப் அடிச்சுப் பாரு." வண்டிக்கும் ஓனருக்கும் இடையிலான தொலைவு கூடக் கூட இது வலுப்பெறும்.

களச் சான்று

பம்பின் பக்க மூடியைத் திறந்து எஞ்சினை மெல்லச் சுற்றினால் ஐந்து ஸ்பிரிங்குகள் அமுங்கி எழும். ஒன்று மட்டும் அமுங்கியபடியே நிற்கும். விரலால் தள்ளினாலே நழுவவேண்டிய ரேக் அசையாது. ஒவ்வொரு எலிமெண்டிலும் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான்; தலைமுடி அதைப்போல இருபது மடங்கு தடிமன். அந்த இடுக்குக்கு டீசலே மசகு. டீசலோடு வந்த தண்ணீரோ, வண்டி சும்மா நிற்கும் நாட்களில் அங்கே துருவாகிக் குடியேறுகிறது.

மாற்றும் முறை

கழற்றுவது எளிது. காலிபரேஷன் பார்த்த பம்பை ஏற்றும்போதுதான் மெய்ப்பொருள் சிக்கல் தோன்றுகிறது. கிராங்க் இரண்டு சுற்று வந்தால் பம்பு ஒரு சுற்று. ஆகவே ஃபிளைவீல் குறி இருமுறை நேருக்கு வரும். ஒன்று மெய், ஒன்று மாயை. முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் லூசாக ஆடினால் மெய். மாயையில் பூட்டியவருக்கு சைலன்சர் வெள்ளைப் புகைதான் தரும். அடுத்து ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பு. பிறகு நாசில் பக்க நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப். டீசல் பீச்சியதும் இறுக்கல். எஞ்சின் 1-5-3-6-2-4 என்று சீர் தப்பாமல் பாடும்.

முடிவுரை

வண்டி கிளம்பியதும், "ஏருன்னு அப்பவே சொன்னேன்" என்றார் காற்றுவாதி. "நான் தட்டுனதுலதான் லூசாயிருக்கும்" என்றார் தட்டல்வாதி. "ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ல" என்றது போன். மூன்று கோட்பாடுகளும் ஐயமற நிறுவப்பட்டன.

ஆய்வாளர் கண்டது வேறு. பம்பு முதலில் சிக்குவது ஓனரின் கணக்கு நோட்டில். பேரலில் சிக்குவது அதன் பின்விளைவு. ஃபில்டர் மாற்றாமலும் டேங்க் அடியில் நிற்கும் தண்ணீரை வடிக்காமலும் மிச்சம் பிடித்த காசு, பம்பு பில்லில் வட்டியோடு திரும்பிப் போகிறது. கணக்கைத் தீர்க்க வந்த ஓனரிடம் மேஸ்திரி இம்முடிவைச் சுருக்கமாகவே சமர்ப்பித்தார்:

"ஃபில்டரையும் மாத்திப் போடலாமுங்க."

"அடுத்த லோடு முடியட்டும், பாத்துக்கலாமுங்க."

ஆகவே இத்துறையில் மேலாய்வுக்கு இடம் நிரம்ப உண்டு.